அப்ரூவல் டிராயிங் வேறு, சைட் டிராயிங் வேறு: மருத்துவமனை மின் வரைபடத்துக்கு விதிகள் கேட்பது என்ன?

"பில்டிங் பிளான் அப்ரூவல் ஆயிடுச்சு, எலக்ட்ரிக்கல் டிராயிங் மட்டும் போட்டுக் குடுங்க சார்" என்று நர்சிங் ஹோம் கட்டுகிற டாக்டர்கள் வருவார்கள். மொத்த லோடு எத்தனை கிலோவாட் என்று நான் கேட்பேன் என எதிர்பார்ப்பார்கள். நானோ தரைத்தளத்தின் நகல் ஒன்றை நீட்டி, ஒவ்வொரு அறையிலும் நோயாளிக்கு என்ன சிகிச்சை நடக்கும் என்று எழுதித் தரச் சொல்வேன். சிலருக்கு இது எரிச்சல். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் போடுகிற டிராயிங் வெறும் பல்பு, ஃபேன் கணக்குதான்.

முதலில் சட்டம். மின்சாரச் சட்டம் 2003-ன் கீழ் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிடுகிறது. இப்போது நடப்பில் இருப்பவை 2010-ல் வந்தவற்றுக்குப் பதிலாக வந்த 2023 ஒழுங்குமுறைகள். தமிழ்நாட்டில் இவற்றைச் செயல்படுத்துவது அரசின் மின் ஆய்வுத் துறை. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். உயர் அழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று போகிற மருத்துவமனை வரைபடத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்த்து, பாதுகாப்புச் சான்று தந்த பிறகுதான் மின்சாரம் ஏற்றலாம். ஜெனரேட்டரும் இந்தக் கணக்கில் வரும். தாழ்வழுத்த இணைப்பில் ஓடுகிற சின்ன கிளினிக்குக்கு இவ்வளவு நடை கிடையாது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் சோதித்துக் கொடுக்கும் அறிக்கைதான் அங்கே முக்கியம்.

ஒப்புதலுக்குப் போகிற தாள்களில் பார்க்கப்படுவது என்ன? சிங்கிள் லைன் டயகிராம் (மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒற்றைக் கோட்டில் காட்டும் படம்), டிரான்ஸ்ஃபார்மர் யார்டும் பேனல் அறையும் எப்படி அமைகின்றன, பேனலுக்கு முன்னும் பின்னும் விட்ட இடைவெளி, எர்த் பிட்டுகள். நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும், உலோக உடல் உள்ள சாதனத்துக்கும் இரண்டு வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கட்டடத்துக்குள்ளே இருந்தால் எண்ணெய் ஊற்றியது ஆகாது, உலர் வகைதான். 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடத்தில் மின் கேபிள் போகிற டக்டில் தண்ணீர்க் குழாயோ வேறு கேபிளோ வரக்கூடாது. ஒவ்வொரு தளத்தைக் கடக்கும்போதும் தீத்தடுப்பு வைத்து அடைக்க வேண்டும். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றாம் மாடியில் இருக்கும் ஆபரேஷன் தியேட்டரின் சுவரில் எந்த சாக்கெட் எந்த சர்க்யூட்டில் வருகிறது என்று இந்தத் தாள்கள் சொல்லாது. அதனால்தான் அப்ரூவல் சீல் விழுந்த பிரதியையே சைட்டில் கொடுத்து வேலையை ஆரம்பிப்பது தப்பு என்கிறேன்.

அறைகளைப் பிரிக்கும் விதி ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60364-7-710 என்ற தரநிலையில் இருக்கிறது. மூன்று குழுக்கள். நோயாளியின் உடம்பில் மின்கருவியின் எந்தப் பாகமும் படாத அறை குழு 0. உடம்பின் மேலேயோ, இதயம் தவிர்த்து உள்ளேயோ கருவி தொடும் அறை குழு 1. இதயத்தைத் தொடும் சிகிச்சை, அறுவை சிகிச்சை, கரண்ட் போனால் உயிருக்கு ஆபத்து என்கிற நிலை, இவை குழு 2. இந்தப் பிரிவை எஞ்சினியர் தன்னிச்சையாக முடிவு செய்யக்கூடாது, மருத்துவர்களோடு பேசித்தான் செய்ய வேண்டும். பிளானில் 'புரொசீஜர் ரூம்' என்று மட்டும் இருந்தால் எனக்கு என்ன தெரியும்? அங்கே தையல் போடுவார்களா, மயக்க மருந்து கொடுப்பார்களா என்பதைப் பொறுத்து வயரிங்கே மாறும்.

ஏன் மாறும் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். வீட்டில் நாம் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் தானே இணைப்பை வெட்டும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும். இதயத்தோடு நேரடியாக இணைக்கும் கருவியில், இயல்பு நிலையில் நோயாளிக்குப் போக அனுமதிக்கும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியர். அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்கு. தோல் தருகிற தடை இல்லாத இடத்தில் ஒயர் போகிறது. வீட்டுப் பாதுகாப்பு அங்கே காவல் நிற்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்.சி.சி.பி.யின் வேலையே கசிவு வந்தால் சப்ளையை வெட்டுவது. நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும்போது அது வெட்டினால்? அதனால் குழு 2 அறைகளில் உயிர்காக்கும் கருவிகளுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, எர்த் ஆகாத தனி சப்ளை கொடுக்கிறார்கள். மெடிக்கல் ஐ.டி. சிஸ்டம் என்று பெயர். டிரான்ஸ்ஃபார்மர் 0.5 முதல் 10 கே.வி.ஏ. வரை. இதில் ஒரு ஒயர் எங்காவது கருவியின் உலோக உடலில் பட்டாலும் சப்ளை நிற்காது, அலாரம்தான் அடிக்கும். இன்சுலேஷன் 50 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால் மஞ்சள் விளக்கு எரியும், ஒலியும் வரும். ஒலியை நர்ஸ் நிறுத்தலாம். கோளாறு சரியாகும் வரை மஞ்சளை அணைக்க முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை.

இந்தப் பச்சை, மஞ்சள் பெட்டியை எங்கே மாட்டுவது? நான் பார்த்த பல டிராயிங்குகளில் இதற்கு இடமே குறிக்கப்பட்டிருக்காது. கடைசியில் ஒயர்மேன் தனக்கு வசதியாக யூ.பி.எஸ். அறையில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். பூட்டிய அறையில் மஞ்சள் எரிந்தால் யாருக்குத் தெரியும்? மருத்துவப் பணியாளர் கண்ணில் எப்போதும் படுகிற சுவரில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே தியேட்டர் எலிவேஷனில் (சுவரை நேராகப் பார்க்கிற படம்) உயரத்தோடு வரைந்து காட்டுங்கள்.

சரி, கரண்ட் போனால்? தரநிலை இதை வினாடிக் கணக்கில் பிரிக்கிறது. தியேட்டர் விளக்கு மாதிரியானவற்றுக்கு 0.5 வினாடிக்குள் மாற்று சப்ளை வர வேண்டும். பாதுகாப்பு விளக்குகளுக்கும் சில கருவிகளுக்கும் 15 வினாடி. மற்றவை அதற்கு மேலும் காத்திருக்கலாம். டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கவே பத்துப் பதினைந்து வினாடி ஆகும் என்பதால் முதல் வகைக்கு யூ.பி.எஸ். அல்லது பேட்டரி கட்டாயமாகிவிடுகிறது. 'எமர்ஜென்சி பவர்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு ஒதுங்காமல், ஒவ்வொரு டி.பி.யின் (சர்க்யூட்டுகள் பிரிகிற டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) பக்கத்திலும் எந்த வகை என்று போடுங்கள்.

இப்போது தாளுக்கு வருகிறேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஐ.சி.யூ. டிராயிங்கில் படுக்கைத் தலைமாட்டில் 'யூ.பி.எஸ். சாக்கெட் – 4' என்று மட்டும் போட்டிருந்தது. சர்க்யூட் நம்பர் இல்லை. ஒயர்மேன் நான்கையும் ஒரே எம்.சி.பி.யில் (லோடு மிஞ்சினால் தானே விழுகிற ஸ்விட்ச்) லூப் அடித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, தாள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் பழைய சக்‌ஷன் மெஷின் ஒன்றைச் செருகியதும் எம்.சி.பி. விழுந்தது, வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்ச் பம்ப் எல்லாம் சேர்ந்து போயின. கருவிகளுக்குள் பேட்டரி இருந்ததால் பிழைத்தது. குழு 2-ல் ஒரு படுக்கையின் சாக்கெட்டுகள் குறைந்தது இரண்டு தனி சர்க்யூட்டில் வர வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் சாக்கெட் சின்னத்தின் பக்கத்தில் டி.பி. பெயர், எம்.சி.பி. எண், தரையிலிருந்து உயரம் மூன்றும் வேண்டும். உதாரணமாக 'யூ2/7, 1200': யூ2 என்ற டி.பி., ஏழாவது எம்.சி.பி., 1200 மில்லிமீட்டர் உயரம். யூ.பி.எஸ். சாக்கெட்டுக்கும் சாதா சாக்கெட்டுக்கும் நிறம் மாற்றிக் காட்டினால் மட்டும் போதாது, சின்னமே வேறாக இருக்கட்டும். சைட்டில் எல்லாரும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான் வைத்திருப்பார்கள். ஐ.டி. சிஸ்டத்தில் வரும் சாக்கெட் பார்த்ததும் தெரிகிற மாதிரி குறிக்கப்பட வேண்டும். பெட் ஹெட் பேனலில் ஆக்சிஜன் அவுட்லெட்டும் சாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டின் மையங்களுக்கும் நடுவே கிடைமட்டமாகக் குறைந்தது 0.2 மீட்டர் இருக்க வேண்டும். கேஸ் பைப்லைன்காரரும் நீங்களும் தனித்தனித் தாளில் வரைந்தால் இந்த இருபது சென்டிமீட்டர் காணாமல் போகும். ஒரே எலிவேஷனில் இரண்டையும் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

எர்த் தாள் பெரும்பாலும் எர்த் பிட்டோடு நின்றுவிடும். நோயாளியைச் சுற்றி 1.5 மீட்டர், உயரத்தில் 2.5 மீட்டர் வரை உள்ள இடத்தில் கைக்கு எட்டுகிற உலோகம் அனைத்தையும், சாக்கெட் எர்த் முதல் கேஸ் பைப் வரை, ஒரே பஸ்பாரில் (பல ஒயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) சேர்க்க வேண்டும். குழு 2-ல் அந்த இணைப்பின் தடை 0.2 ஓமைத் தாண்டக்கூடாது. பஸ்பார் எங்கே இருக்கிறது, எந்தெந்த ஒயர் அதற்கு வருகிறது என்று தனிப் படம் போடாவிட்டால் டைல்ஸ் ஒட்டிய பிறகு தேட வேண்டியதுதான்.

தீயைப் பற்றித் தனியாக நீட்டவில்லை. 2021 ஜனவரி 9-ல் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பிடித்த தீயில் 10 குழந்தைகள் இறந்தார்கள். நகர முடியாத நோயாளி உள்ள அறைக்குக் கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்தச் சுவரைத் துளைக்கிறது, துளையை எதனால் அடைப்பது என்று ரைசர் டிராயிங்கில் (கேபிள் தளம் தளமாக ஏறும் வழியைக் காட்டும் படம்) இருந்தாக வேண்டும்.

வேலை முடிந்த பிறகு ஆஸ்-பில்ட் டிராயிங், அதாவது உண்மையில் எப்படிப் போட்டிருக்கிறதோ அதைக் காட்டும் படம். கடைசி பில்லோடு சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும், பணம் போன பிறகு யாரும் தர மாட்டார்கள். ஒவ்வொரு டி.பி. கதவின் உள்பக்கமும் அதன் சர்க்யூட் பட்டியல் லேமினேட் செய்து ஒட்டப்பட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அதைப் படிக்கப் போவது டியூட்டி எலக்ட்ரீஷியன். எழுத்து பெரிதாக, தமிழிலும் இருக்கட்டும்.