மலேசியாவில் மாதக் கட்டணமில்லாத டிவி: ஏரியலா, டிஷ்ஷா?

கோலாலம்பூரில் எந்தக் குடியிருப்பைப் பார்த்தாலும் கூரைக்குக் கூரை, கட்டணச் செயற்கைக்கோள் டிவி நிறுவனமான ஆஸ்ட்ரோவின் டிஷ் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே, இந்த நாட்டில் டிவி பார்க்க மாதாமாதம் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று புதிதாகக் குடிவருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. மாதக் கட்டணமில்லாமல் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் அலை கோபுரத்திலிருந்து வருகிறது, இன்னொன்றில் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அலையை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி (டிக்கோடர்) ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது. பலர் காசை விடுவது இங்கேதான்.

முதல் வழி மைஃப்ரீவியூ. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பான இதை, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் நியமனத்தின்படி மைடிவி நிறுவனம் நடத்துகிறது. 2017 ஜூனில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. பழைய அனலாக் அலையை 2019இல் கட்டம் கட்டமாக அணைத்தார்கள். ஜூலையில் லங்காவி முதலில் போனது, பிறகு தீபகற்பம், அக்டோபர் 31இல் சபாவும் சரவாக்கும். அன்றோடு பழைய ஏரியலை மட்டும் நம்பியிருந்த டிவிகளுக்குப் படம் நின்றது.

அரசு இதில் இவ்வளவு அக்கறை காட்டியது படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. ஓர் அனலாக் சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பல டிஜிட்டல் சேனல்களை வைக்கலாம். அப்படி மிஞ்சிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைப்பேசிக்குப் போனது, 5ஜிக்கும் அதில் பங்கு. வீட்டுக்காரர் பெட்டி வாங்குகிறார், அலைவரிசை கைப்பேசிக்குப் போகிறது. ஆகவே அந்தப் பெட்டியை ஏழைகளுக்கு இலவசமாகத் தந்ததைச் சலுகை என்பதைவிட ஈடு என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தந்த பிரிம் உதவித்தொகையும், அது பெயர் மாறி வந்த பிஎஸ்எச் உதவித்தொகையும் பெற்ற குடும்பங்களுக்கே அந்த இலவச டிக்கோடர் போனது. மற்றவர்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

இன்று உங்களுக்கு என்ன தேவை? டிவி புதியது என்றால், அதில் தரைவழி டிஜிட்டல் அலையை வாங்கும் டிவிபி-டி2 வசதி உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் யுஎச்எஃப் ஏரியல் ஒன்றே போதும். இல்லையென்றால் டிக்கோடரும் வேண்டும். இரண்டையும் ஒருமுறை வாங்கினால் சரி. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி1, டிவி2, தனியாரின் டிவி3 முதலான சேனல்கள் கிடைக்கும். தமிழ்ச் செய்திக்கு டிவி2 இருக்கிறது.

அனலாக்கில் அலை குறைந்தால் திரையில் எறும்பு ஊரும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. படம் முழுதாக வரும், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எனவே டிக்கோடரைக் குறை சொல்லும் முன் ஏரியலைச் சன்னல் பக்கம் நகர்த்தி, மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.

மலை மறைக்கும் ஊர்களுக்கும் கோபுர அலை எட்டாத உட்பகுதிகளுக்கும் இரண்டாவது வழி ஏற்றது. என்ஜோய் என்ற பெயரில் அரசும் ஆஸ்ட்ரோவும் சேர்ந்து கொண்டுவந்த செயற்கைக்கோள் சேவை இது. பெட்டியையும் டிஷ்ஷையும் ஒருமுறை வாங்க வேண்டும். அடிப்படைச் சேனல்களுக்கு மாதக் கட்டணம் இல்லை. கூடுதல் சேனல் வேண்டுமென்றால் மட்டும் முன்பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு அலை அனுப்புபவை மீசாட் செயற்கைக்கோள்கள். 1996 ஜனவரியில் மீசாட்-1 ஏவப்பட்டது, அதே ஆண்டு ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியது. இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மீசாட் வரிசை நிற்கிறது. கோலாலம்பூருக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேல், சற்றே மேற்கே சாய்ந்த இடம். அதனால்தான் அங்கே டிஷ்கள் ஏறக்குறைய மல்லாந்து கிடப்பதுபோல் தெரியும். 2021 ஜூனில் மீசாட்-3 பழுதானபோது ஒளிபரப்பைப் பக்கத்துச் செயற்கைக்கோள்களுக்கு மாற்றிச் சமாளித்தார்கள். அதன் பிறகு 2022 ஜூனில் ஏவப்பட்ட மீசாட்-3டி, இந்தியாவின் ஜிசாட்-24உடன் ஒரே ஏரியான்-5 ராக்கெட்டில் பயணம் செய்தது.

டிஷ்ஷின் குறை மழை. இந்தச் செயற்கைக்கோள் சேவை பயன்படுத்தும் கேயு அலைக்கற்றை கனத்த மழையில் தேய்ந்துபோகும், மலேசியாவில் மாலை மழைக்கோ பஞ்சமில்லை. படம் போனால் பத்து, இருபது நிமிடம் பொறுங்கள், மழை தணிந்தால் தானாக வரும். வானம் தெளிந்தும் வரவில்லையென்றால் டிஷ் அசைந்திருக்கலாம், அல்லது மரக்கிளை வளர்ந்து மறைத்திருக்கலாம்.

கோபுர அலை கிடைக்கும் ஊரில் இருப்பவர் முதலில் ஏரியலை முயல்வதே மலிவு. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர், டிஷ் மாட்ட நிர்வாகம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பெட்டி வாங்குங்கள்.