பிபிஎம் என்பது கசிவின் அளவு அல்ல

மறுபடியும் அதே மாதிரி ஓர் அறிக்கை. எரிவாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் நிலையத்தில் வால்வு வால்வாக எடுத்த பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்களுக்குச் சராசரி போட்டு, ஆண்டுக்கு இத்தனை டன் மீத்தேன் என்று முடித்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

பிபிஎம் காட்டுவது செறிவு. கருவியின் உறிஞ்சு குழாயான ப்ரோப்பின் முனைக்கு அந்த நொடியில் வரும் காற்றில் எவ்வளவு மீத்தேன் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். மணிக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது என்பது வேறு கேள்வி. கருவி உறிஞ்சுவதே நிமிடத்துக்கு 0.1 முதல் 3 லிட்டர் காற்று. ப்ரோபைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் எண் இறங்கும். காற்று திசை மாறினாலும் இறங்கும். ஒரே 10,000 பிபிஎம் காட்டும் இரண்டு ஃபிளாஞ்சுகளில் (குழாய்களை இணைக்கும் தட்டுகளில்) ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு கசிந்துகொண்டிருக்கலாம்.

"அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே பிபிஎம்மைக் கசிவின் அளவாக மாற்றச் சமன்பாடு கொடுத்திருக்கிறதே?" என்பார்கள். 1995இல் கொடுத்தது. அது வால்வு, ஃபிளாஞ்சு போன்ற ஏராளமான உறுப்புகளின் மொத்தக் கசிவை மதிப்பிட. தனி ஒரு வால்வுக்குப் பொருந்தாது. அது நேர்கோட்டுச் சமன்பாடும் அல்ல. ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனியாகப் போட்டுத்தான் கூட்ட வேண்டும், சராசரியைப் போட்டால் விடையே தவறு. கருவியின் உச்சத்தில் முட்டி நின்ற அளவீடுகளுக்குத் தனி மதிப்புகள் உண்டு. அந்த அட்டவணையை யாரும் புரட்டுவதில்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடித்து உடனே சரிசெய்யத்தான் பிபிஎம் கருவி. அகச்சிவப்புக் கேமராவும் அப்படியே. வாயுவுக்கும் பின்னணிக்கும் வெப்பநிலை வித்தியாசம் இல்லையென்றால் கேமராவில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

அளவு வேண்டுமா? கசியும் உறுப்பைச் சுற்றி மூடி, ஹை-ஃப்ளோ சாம்ப்ளரால் (சுற்றியுள்ள காற்றோடு கசிவை வேகமாக இழுத்து அளக்கும் கருவி) மொத்தக் கசிவையும் இழுங்கள். இழுத்த ஓட்டம் நிமிடத்துக்கு 280 லிட்டர், அதில் மீத்தேன் 2 சதவீதம் என்றால் 5.6 லிட்டர் மீத்தேன். லிட்டருக்குச் சுமார் 0.67 கிராம் வீதம் மணிக்கு 225 கிராம். விடாமல் கசிந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன். சுற்றுக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் மீத்தேனைக் கழிக்க மறக்காதீர்கள். பழைய வகைக் கருவிகளில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: செறிவு 5 சதவீதத்தை நெருங்கும்போது ஒரு சென்சாரிலிருந்து மற்றதற்கு மாற வேண்டும். மாறாமல் போனால் பெரிய கசிவு சிறியதாகப் பதிவாகும். 2.5 சதவீத மீத்தேன், 100 சதவீத மீத்தேன் இரண்டிலும் கேலிப்ரேஷன் (செறிவு தெரிந்த வாயுவால் சரிபார்த்தல்) செய்யாமல் கருவியை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஃபிளாஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது டேங்கின் மேல்மூடி திறந்து கிடக்கும். மொத்த உமிழ்வில் பெரும்பங்கு பெரும்பாலும் சில பெரிய மூலங்களிலிருந்தே வருகிறது. உறுப்புகளின் எண்ணிக்கையைச் சராசரி உமிழ்வுக் காரணிகளால் பெருக்குவதோடு நிறுத்தினால் அவை கணக்கில் விழாது. களத்தில் அளந்த தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையின் மீத்தேன் உமிழ்வு அரசுக் கணக்கைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகம் என்றது.

மிஞ்சும் எரிவாயுவை எரித்துவிடும் கோபுரமான ஃபிளேருக்கு, வரும் மீத்தேனில் 98 சதவீதம் எரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அமெரிக்காவின் பெர்மியன், ஈகிள் ஃபோர்டு, பாக்கன் எண்ணெய் வயல்களின் மேல் விமானத்தில் பறந்து அளந்து 2022இல் வெளியிட்டபோது கிடைத்தது சுமார் 91 சதவீதம். அணைந்துபோன ஃபிளேர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. எரிவாயு வந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றவைக்கும் பைலட் சுடர் அணைந்திருந்தால் அது வெறும் புகைபோக்கி. தினமும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், நேரத்தோடு குறித்து வையுங்கள்.