பூட்டிய கோப்பு எப்படிக் காணாமல் போனது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓட்டும் கம்பெனி ஒன்றுக்கு நான் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். கடைவீட்டு மாடியில் ஆபீஸ். மூலையில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், ஒரு லினக்ஸ் சர்வர். ஆலையில் போடும் எடைக் கணக்கு, டிரைவர்களின் சம்பளம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பட்டியல் எல்லாம் அதில்தான் வந்து சேரும்.

ஒரு மாதக் கடைசியில் சம்பளக் கோப்பைக் காணோம். கணக்கு பார்க்கும் அக்கா அதைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டித்தான் வைத்திருந்தார். அழித்தது புதிதாகச் சேர்ந்த பையன். கோப்பு அனுப்பும் செயலியைத் திறந்து, பழசு என்று நினைத்ததையெல்லாம் கூட்டித் தள்ளியிருக்கிறான். "தம்பி, ஓர் எழுத்துகூட மாற்ற முடியாத கோப்பை அவன் எப்படி அழிச்சான்?" என்று அக்கா கேட்டார்.

தோட்டத்து ஆபீசில் அந்தக் காலத்தில் செக்ரோல் என்று ஒரு பேரேடு இருக்கும். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், அதில்தான் குறிப்பார். ஒருவர் பெயரை அதிலிருந்து அடிக்க அந்த ஆளின் சம்மதம் வேண்டியதில்லை. பேரேடும் பேனாவும் கையில் இருந்தால் போதும். யுனிக்ஸ் வழிவந்த சர்வர்களில் (எங்கள் லினக்ஸும் அந்த வழிதான்) அடைவு, அதாவது நாம் ஃபோல்டர் என்று சொல்வது, அப்படி ஒரு செக்ரோல்தான். அதற்குள் இருப்பவை வெறும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். அந்த எண் ஐநோடு என்ற குறிப்பைக் காட்டும். யாருடைய கோப்பு, எவ்வளவு பெரியது, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில். பெயர் மட்டும் அங்கே கிடையாது.

ஆக, கோப்பை அழிப்பது என்றால் பேரேட்டில் பெயரை அடிப்பது. அதற்குப் பேரேட்டில் எழுதும் உரிமை வேண்டும். கோப்பின் மேல் போட்ட பூட்டை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. பையனுக்கு அடைவில் எழுதும் உரிமை இருந்தது. கதை முடிந்தது. ஒரே கோப்புக்கு இரண்டு அடைவுகளில் பெயர் இருந்தால், ஒன்றை அடித்தாலும் ஆள் உயிரோடு இருப்பார். கடைசிப் பெயரும் போய், எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்காத போதுதான் இடம் காலியாகும். எங்கள் கோப்புக்கு இருந்தது ஒரே பெயர். அக்கா இரவு பத்து மணிவரை உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்தார்.

உரிமைகள் மூன்று: படிக்க 4, எழுத 2, இயக்க 1. இந்த எண்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் விடை எளிது: எப்படிக் கூட்டினாலும் குழப்பம் வராது. 6 என்றால் 4-உம் 2-உம்தான், வேறு வழியே இல்லை. சொந்தக்காரர், குழு, மற்றவர் என்று மூன்று இலக்கம். 640 என்றால் சொந்தக்காரர் படித்து எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவருக்குக் கதவு அடைப்பு. சர்வர் இதைப் பார்க்கும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் சொந்தக்காரர் என்றால் முதல் இலக்கத்தோடு நின்றுவிடும். அது 0 ஆக இருந்தால், குழுவில் உள்ள எல்லாரும் படிக்கும் கோப்பை அதன் சொந்தக்காரரால் மட்டும் படிக்க முடியாது!

அடைவுக்கு வந்தால் இதே எண்களுக்குப் பொருள் கொஞ்சம் மாறும். 4 இருந்தால் பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாம். 2 இருந்தால் பெயர் சேர்க்கலாம், அடிக்கலாம். கூடவே 1-உம் வேண்டும். 1 என்பது உள்ளே நுழைந்து போகும் உரிமை. இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. 2-உம் 1-உம் கொடுத்து 4-ஐ நிறுத்திவிட்டால் அந்த அடைவு தபால் பெட்டி ஆகிவிடும்: போடலாம், உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாது. ஆலையிலிருந்து இரவெல்லாம் எடைக் கணக்கு அனுப்பும் கணினிக்கு இவ்வளவுதான் வேண்டும். அது பட்டியல் கேட்பதே இல்லை. ஆனால் முழு நம்பிக்கை வேண்டாம். கோப்பின் பெயரை யாராவது ஊகித்துவிட்டால், கோப்பின் உரிமை இடம் கொடுத்தால், திறந்து படித்துவிடலாம்.

அக்காவின் பிரச்சினைக்கு மருந்து 'ஸ்டிக்கி பிட்' என்ற ஒற்றைக் குறி. அடைவின் மேல் அதைப் போட்டுவிட்டால், கோப்பின் சொந்தக்காரர், அடைவின் சொந்தக்காரர், ரூட் எனும் தலைமைப் பயனர், இந்த மூவர் தவிர வேறு யாரும் பெயரை அடிக்கவோ மாற்றவோ முடியாது. கூடவே இன்னொரு குறியும் போட்டேன்: அடைவுக்குள் பிறக்கும் கோப்பு எல்லாம் அடைவின் குழுவையே எடுத்துக்கொள்ளும். இது இல்லாததால்தான், ஒருவர் ஏற்றிய கோப்பை அடுத்த மேசைக்காரர் திறக்க முடியாமல் தினமும் எனக்கு போன் வந்துகொண்டிருந்தது. இரண்டு குறிகளும் சேர்ந்து முன்னால் ஒரு 3; சொந்தக்காரருக்கும் குழுவுக்கும் 7, மற்றவருக்கு 0; ஆக 3770. பாதி ஆபீஸ்களில் இந்தத் தொல்லைக்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும், போட்டு வாயை அடைப்பார்கள். அது வீட்டுச் சாவியை வாசல் கேட்டுக்கு வெளியே ஆணியில் மாட்டுவது.

இனி, கோப்பு வரும் வழி. எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறையின் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், அப்போது எம்ஐடி மாணவர். அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், அதனால் கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் கம்பியில் போனது பெரிதாகத் தெரியவில்லை. பின்லாந்தில் தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, 1995-இல் தத்து இலோனென் எஸ்எஸ்எச் எழுதினார்; கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் முறை அது. இன்று கோப்பு அனுப்ப நாங்கள் பயன்படுத்தும் எஸ்எஃப்டிபி அதன் மேல் ஓடுவது. உள்ளே வந்தவர் யார் என்பதை எஸ்எஸ்எச் உறுதி செய்யும். அதன் பிறகு அதே 4, 2, 1 கணக்குதான்.

ஈப்போவிலிருந்து வருடம் ஒருமுறை கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு இன்னும் ஒரு வேலி போட்டேன். 'சிஎச்ரூட்' என்பது 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த உத்தி. அவர்கள் உள்ளே வந்தால் ஓர் அடைவுதான் முழு உலகமாகத் தெரியும்; அதற்கு மேலே ஒன்று இருப்பதே தெரியாது. இதில் எல்லாரும் இடறும் கல் ஒன்று உண்டு. அந்த வேலியின் உச்சி அடைவு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், குழுவோ மற்றவரோ அதில் எழுதக்கூடாது. இல்லாவிட்டால் சர்வரில் எஸ்எஸ்எச் வேலையைப் பார்க்கும் ஓபன்எஸ்எஸ்எச் நிரல் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட மறுகணமே தொடர்பைத் துண்டிக்கும். காரணம் இல்லாமல் இல்லை: உச்சியில் எழுத முடிந்தவர் தாமே ஒரு போலி அமைப்புக் கோப்பை வைத்து, அதிகாரம் உள்ள நிரலை ஏமாற்றலாம். கோப்பு ஏற்ற வேண்டுமானால் உள்ளே தனி அடைவு ஒன்று கொடுக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவர்கள் விஷயம் தனி. சர்வர் ஆளைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான். கணக்கை அழித்தாலும் அவருடைய கோப்புகள் அந்த எண்ணோடு அப்படியே கிடக்கும். கடைசியாகச் சேர்த்த ஆளை நீக்கிவிட்டு அடுத்தவரைச் சேர்த்தால், பெரும்பாலும் அதே எண் புதியவருக்குப் போகும். பழையவரின் கோப்புகள் கேட்காமலே அவருடைய சொத்தாகிவிடும். அதனால் நான் கணக்கைப் பூட்டுவேன், அழிக்க மாட்டேன்.

கடைசியில் மல்லுக்கட்டியது முதலாளியோடு. அவருக்கு எழுதும் உரிமை கொடுக்கவில்லை. "கம்பெனி என்னுது, எனக்கே பூட்டா?" என்றார். அவர் கணினிக்குள் மின்னஞ்சல் வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைப்பண வைரஸ் வந்தால், அவர் கணக்கு எதிலெல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் அது குதறும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் தே ஓவை, பால் இல்லாத தேநீரை, கலக்கிக்கொண்டே இருந்தார். "சரி, லாரிக்காரன் ஓவர்டைம் கணக்கை நான் பார்க்க முடியுமா, முடியாதா?"

பார்க்க முடியும். 4 கொடுத்திருக்கிறேன்.