சம்பளத்தில் பிடிக்கும் 113 ரூபாயும் ஆயுள் முழுக்க வரும் 13,500 ரூபாயும்

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் மில்லின் இரண்டு உருளைகளுக்கு நடுவே கை போய்விடுகிறது. மேலூர்ப் பக்கத்துக் குவாரியில் கல் சரிந்து முதுகுத்தண்டு முறிகிறது. புதூர் தொழிற்பேட்டையில் பவர்பிரஸ் நாலு விரல்களையும் எடுத்துக்கொண்டு போகிறது. முதல் வாரம் குடும்பத்தின் கவலையெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவு. மூன்றாம் மாதத்தில் கேள்வி மாறுகிறது: "மொத்தமா எவ்வளவு தருவாங்க?"

முப்பது வயதில் இரண்டு கைகளையும் இழந்தவர் இன்னும் நாற்பது வருடம் சாப்பிட்டாக வேண்டும். மாதாமாதம் என்ன வரும், எத்தனை வருடம் வரும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதற்கான பதில், விபத்து நடந்த அன்று அவர் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். இ.எஸ்.ஐ.க்காக அவர் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம், 488 ரூபாய் கட்டுகிறது. சராசரி தினக்கூலி 500 என்று வைத்தால், அதில் 90 சதவீதமான 450 ரூபாய்தான் முழு ஊனத்துக்கான தினசரித் தொகை. ஞாயிறு, விடுமுறை என்று எதையும் கழிக்க மாட்டார்கள். முப்பது நாளுக்கு 13,500 ரூபாய், உயிரோடு இருக்கும்வரை. விலைவாசிக்கு ஏற்ப இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவதும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இந்த உரிமை உண்டு. இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்குப் பொருந்தாது.

அதே ஆள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தால், 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டக் கணக்குதான் (2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்ததைப் பின்னால் சொல்கிறேன்). மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆக 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய், ஒரே தடவை. கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 என்ற உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் இருப்பதால், நிஜத்தில் 25,000 வாங்கியவருக்கும் இதே தொகைதான். பதினெட்டு லட்சம் என்றால் பெரிதாகத் தெரியும். மாதம் 13,500 வாங்குபவர் பன்னிரண்டு வருடத்துக்குள் அதைத் தாண்டிவிடுவார். அப்போது அவருக்கு வயது 42கூட ஆகியிருக்காது.

"எனக்கு இ.எஸ்.ஐ. வேணாம், கையில முழுசாக் குடுங்க" என்று தொழிலாளியே சொல்வதும், நிர்வாகம் அதை வசதியாக ஏற்றுக்கொள்வதும் இங்கே சர்வசாதாரணம். அப்படிச் சொல்லியிருந்தாலும் உரிமை போய்விடாது. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவரைப் பதிவு செய்வது நிர்வாகத்தின் கடமை. பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும், விபத்துக்கு மறுநாள் அவசரமாகப் பதிவு செய்திருந்தாலும், அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபித்தால் இ.எஸ்.ஐ. கழகம் உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலிக்க முடியும். அதற்கான ஆதாரங்கள் சின்னச் சின்னவை: வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு, ஜிபே ரசீது, கேட் பாஸ், ஷிப்ட் மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப். இவை இருக்கும் செல்போனை விபத்துக்குப் பிறகு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு உண்டு. கையில் 15,000 கொடுத்துவிட்டு, இ.எஸ்.ஐ. கணக்கில் 8,000 என்று காட்டியிருப்பார்கள். உதவித்தொகை அந்த 8,000த்தை வைத்துத்தான் வரும், ஆயுள் முழுக்க. இப்போதே உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இணையதளத்தில் போய், மாதாமாதம் என்ன சம்பளம் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓவர்டைம் பணம் 21,000 வரம்புக்குக் கணக்கில் வராது. பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் அது சந்தாவுக்கு வந்தது, அதனால் உதவித்தொகையும் கூடியது.

அடுத்தது ஆஸ்பத்திரி வாசல். ராஜாஜி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ சேர்க்கும்போது எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பிதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். கூட வந்த மேஸ்திரி "வண்டியில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லி அப்படியே பதிவாகிவிட்டால், அதை மாற்றுவதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும். எந்த இடம், எந்த இயந்திரம், எத்தனை மணி, யாருடைய வேலை என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நிர்வாகம் விபத்துப் புத்தகத்தில் எழுதி, படிவம் 12இல் இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பெரிய காயம் என்றால் உடனே, மற்றவற்றுக்கு 24 மணி நேரத்துக்குள். அனுப்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், தொழிலாளி தரப்பிலேயே கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ளலாம்.

சிகிச்சை நடக்கும் காலத்துக்குத் தற்காலிக ஊன உதவி, அதுவும் தினக்கூலியில் 90 சதவீதம். காயம் இனி இவ்வளவுதான் ஆறும் என்ற நிலை வந்ததும் மெடிக்கல் போர்டு, அதாவது சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று சொல்லும் மருத்துவர் குழு. வாழ்நாள் வருமானத்தின் அளவு அங்கேதான் தீர்மானமாகிறது. பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இரண்டு கைகளையும் இழப்பது, ஒரு கையையும் ஒரு பாதத்தையும் இழப்பது, பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்குக் கண் போவது, முற்றிலும் காது கேளாமை, முகம் மிக மோசமாகச் சிதைவது ஆகியவை 100 சதவீதம். ஒரு கையின் நாலு விரல்கள் 50. கட்டைவிரல் 30. மறு கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போவது இந்தப் பட்டியலில் இல்லை. அதை மருத்துவர்கள் மதிப்பிட்டுத்தான் சொல்வார்கள், எனவே அங்கே ஆவணங்கள் பேச வேண்டும். எம்.ஆர்.ஐ., நரம்பியல் அறிக்கை, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் விவரம், படுக்கைப்புண் சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். செய்து வந்த வேலை என்ன, அதற்கு எந்த அசைவு தேவை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டையில் இருக்கும் சதவீதமும் இந்தச் சதவீதமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அட்டை உடலின் ஊனத்தை அளக்கிறது. இங்கே அளப்பது சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்தத் தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது. மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால், முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஐந்து சதவீத வித்தியாசம்கூட நாற்பது வருடத்தில் சில லட்சம் ஆகும்.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும். காண்ட்ராக்டர் ஓடிவிட்டாலும், அவருக்கு வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு. மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். "குடிச்சிருந்தான்", "கையுறை போடலை" என்ற பதில், உயிர் போன வழக்கிலும் நிரந்தர முழு ஊன வழக்கிலும் செல்லாது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, மூன்று லட்சத்தைக் கையில் கொடுப்பதும் சட்டப்படி உரிமையை முடித்துவிடாது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள், வழக்கு நீளும். மனுவுக்கு 2 ஆண்டைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம், ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்ற இரண்டு பழைய சட்டங்களின் இடத்துக்கும் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருப்பதால் மனுவில் எதை எழுதுவது என்று வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ சரிபாருங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. திரும்ப வேலைக்குப் போனால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்து பலர் வீட்டிலேயே முடங்குகிறார்கள். நிற்காது, கடைக் கல்லாவில் உட்கார்ந்து சம்பாதித்தாலும் அந்தத் தொகை வரும். ஊனத்தால் வேலையை விட்டவர், மாதம் 10 ரூபாய் வீதம் வருடத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால், ஓய்வு வயது வரை தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் பெறலாம். இதைக் கட்டாமல் விடுபவர்கள்தான் அதிகம். படுக்கைப்புண்ணுக்கும் சிறுநீரகத் தொற்றுக்கும் ஆயுள் முழுக்க மருத்துவம் தேவைப்படும் முதுகுத்தண்டு நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

உயிர்வாழ்ச் சான்றைக் குறித்த காலத்தில் கொடுக்காவிட்டால் பணம் நிற்கும். கொடுத்ததும் நிலுவையோடு வரும். இரண்டு கைகளும் இல்லாதவரிடம் "ரேகை வேணும்" என்று வங்கியில் திருப்பி அனுப்பினால், கால் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வைக்கலாம் என்ற ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலைச் சொல்லுங்கள். சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.