நாய் எப்போது கூரை ஏறியது?

ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் காதில் விழும் கதை இது. பழைய இங்கிலாந்தில் வைக்கோல் கூரை வீடுகள். குளிருக்கு நாயும் பூனையும் கூரையில் பதுங்கியிருக்கும். மழை வலுத்தால் வழுக்கி விழும். அதனால்தான் கனமழைக்கு ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று பெயர். சொல்லி முடித்ததும் அரங்கமே கைதட்டுகிறது. நாய் எப்படிக் கூரை ஏறியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

1999-இல் மின்னஞ்சலில் ஊர் சுற்றிய ஒரு கட்டுக்கதைத் தொகுப்பு இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. இப்போது வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இதே வடிவத்தில் இத்தொடரை 1738-இல் ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் அச்சில் தந்திருக்கிறார். மழைக்கும் இந்த விலங்குகளுக்கும் என்ன உறவு என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ‘தெரியாது’ என்ற விடைக்குப் போட்டியில் மதிப்பெண் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

கடைசி நொடியில் தப்புவதைச் சொல்லும் ‘சேவ்டு பை த பெல்’ (மணியால் பிழைத்தார்) என்பதற்கும் அந்தத் தொகுப்பில் கல்லறை மணிக் கதை உண்டு: உயிரோடு புதைக்கப்பட்டவர் கயிற்றை இழுத்து மணியடித்துப் பிழைப்பாராம். உண்மையில் அது குத்துச்சண்டை வழக்கு. விழுந்தவர் எழுவதற்குள் பத்து எண்ணிவிட்டால் தோல்வி; அந்நாளைய வழக்கப்படி, அதற்குள் சுற்று முடியும் மணி அடித்தால் தப்பித்தார்.

‘ரூல் ஆஃப் தம்ப்’ (கட்டைவிரல் விதி) கதைதான் எனக்குக் கவலை தருகிறது. கட்டைவிரல் பருமனுக்கு மிகாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்ததாம்; தொடர் அதிலிருந்து பிறந்ததாம். அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அவ்வாறு சொன்னதாக வதந்தி பரவ, 1782-இல் ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். தொடரோ அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே, அளவுகோல் இல்லாமல் உத்தேசமாகச் செய்யும் வேலையைக் குறித்து வழங்கிவந்தது. பெண்கள் பட்ட கொடுமைக்கு உண்மையான சான்றுகள் எவ்வளவோ இருக்க, பொய்ச் சான்று எதற்கு?

என் மாணவர்களிடம் நான் கேட்பது ஆண்டைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, ஒரு தொடர் எழுத்தில் முதலில் வந்ததாகத் தெரியவந்த காலத்தைக் காட்டும். கதையில் வரும் நிகழ்ச்சி அதற்குப் பிந்தியது என்றால் கதை அங்கேயே படுத்துவிடும். ‘முழுவதும்’ என்ற பொருளில் வரும் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ (முழு ஒன்பது கஜம்) என்பதற்கு இரண்டாம் உலகப் போர் விமானத் துப்பாக்கியின் ஒன்பது கஜத் தோட்டாப் பட்டையைக் காரணம் காட்டுவார்கள். 1912-இல் அமெரிக்காவின் கென்டக்கி செய்தித்தாள் ஒன்றில் ‘ஆறு கஜம்’ என்றே இத்தொடர் வந்திருக்கிறது. மீதி மூன்று கஜத்துக்குக் கதை சொல்பவர்கள்தான் கணக்குக் காட்ட வேண்டும்.