மரப்புலியா, மரத்துப் புலிவண்டா?

பினாங்குக் கொடிமலையில் பிள்ளைகளுக்கான இயற்கை நடை. தமிழில் அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். படத்தில் வண்டு, அடியில் ‘மரப்புலி’. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. அக்கா மகன் வழி நெடுகக் கிளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தான். “மாமா, ஹரிமாவ் டஹான் இங்கயும் இருக்கா?”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஹரிமாவ் டஹான் என்றால் கிளைப்புலி. மேகத் திட்டுகள் கொண்ட மேனியோடு மரமேறும் சிறுத்தையினம்.

வண்டின் கதை சுருக்கமானது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்த வண்டினத்துக்கு 1758இல் இட்ட சிசிண்டெலா என்ற பெயருக்கு லத்தீனில் மின்மினி என்று பொருள். துரத்திக் கவ்வும் வேட்டையால் ஆங்கிலத்தில் ‘டைகர் பீட்டில்’ என்று புலி ஒட்டிக்கொண்டது. இவற்றில் மரத்தில் திரியும் வகை ட்ரைகோண்டைலா. அது 1822இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரெய் வைத்த பேரினப் பெயர். கிரேக்கத்தில் ‘முக்கணு’ எனலாம்.

தமிழில்தான் கோளாறு. பொருள் இன்னதென்று சொல்லும் தலைச்சொல் மலாய் மொழியில் முன்னால் நிற்கும், நமக்குக் கடைசியில். கும்பாங் என்றால் வண்டு, ஹரிமாவ் என்றால் புலி. ‘கும்பாங் ஹரிமாவ்’ என்றால் புலிவண்டு. அதையே திருப்பி ஹரிமாவ் கும்பாங் என்றால் கருஞ்சிறுத்தை. மலாய்ப் பிள்ளைகள் இதில் தடுமாறுவதில்லை. நம் மொழிபெயர்ப்பாளரோ வண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புலியை வைத்துக்கொள்கிறார். கேட்டால் குழியானையைக் காட்டுகிறார்! மணற்குழியில் எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சியை யானை என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள், அந்தக் குழிக்குள் யானையின் நகம்கூட நுழையாது. ஆனால் மரத்தில் புலிச்சாதி ஏறும், அதுவும் இந்த நாட்டில்.

‘மரவண்டு’ என்பாரும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர் காதில் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. இதுவோ மரத்தைத் தின்னாது, மரத்தில் ஊரும் பூச்சிகளைத் தின்னும். ‘மரவாழ் புலிவண்டு’ பிழையில்லை. ஆனால் பாடநூல் வாடை, வாயில் உட்காராது.

குளத்து மீன் என்கிறோம், குளமீன் என்பதில்லை. அதே அத்துச் சாரியையை இங்கும் போட்டால் போதும்: மரத்துப் புலிவண்டு. புலிவண்டு ஒரே சொல்லாக இருக்கட்டும்.

அன்று ஒன்றைக் கண்டோம். கறுத்து மெலிந்த உடல், இறுகிய கழுத்து, புடைத்த கண். பார்த்தால் பெரிய எறும்பு. மேற்சிறகுகள் ஒட்டிக்கிடப்பதால் பறக்காது. விரலை நீட்டியதும் அணில்போல அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் ஒளிந்தது. பையன் அங்கே ஓடினான், அது இங்கே வந்துவிட்டது.

அடுத்த தாளை அச்சுக்கு அனுப்புகிறவர், நடுவிலுள்ள ‘ப்’பை விட்டுவிடாமல் இருந்தால் சரி. ஒற்றுப்பிழையைப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்னொரு தாள் வேண்டும்.