ஐரோப்பியச் சம்பளத்தில் கலாநிதிப் படிப்பு: மலையகப் பிள்ளைகள் அறிய வேண்டிய விதிகள்

"அக்கா, இதுக்கு நாங்களும் போடலாமா? இல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?"

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் பட்டம் முடித்த தங்கை ஒருத்தி போனை என் முன்னால் நீட்டிக் கேட்டாள். நிறுவனங்கள் தமக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் அறிவை எப்படி ஒன்றுசேர்த்துப் புத்தாக்கம் செய்கின்றன என்று ஆராயும் கலாநிதிப் பயிற்சிக்கான விளம்பரம் அது. அடியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக் கொடி.

போடலாம். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள், கேட்கத் தயங்கிக்கொண்டு.

அந்தக் கொடிக்குப் பின்னால் இருப்பது மரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி திட்டம். ஆராய்ச்சிக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரை நடத்தும் ஹொரைசன் யூரோப் என்ற பெரிய திட்டத்தின் ஒரு கிளை அது. அதிலே கலாநிதிப் படிப்புக்கென்று இருப்பவை டொக்டரல் நெட்வொர்க்குகள். வெவ்வேறு நாடுகளில் உள்ள மூன்று நிறுவனங்களாவது கூட்டுச் சேர்ந்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஒன்றியத்திடம் பணம் கேட்கும். பணம் கிடைத்தால் பத்துப் பதினைந்து இளம் ஆய்வாளர்களை வேலைக்கு எடுக்கும். ஆகவே நீங்கள் விண்ணப்பிப்பது ஒன்றியத்துக்கு அல்ல, ஆள் எடுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு. இலங்கைக்கு இத்தனை இடம் என்று கோட்டாவும் கிடையாது. அமைச்சரின் கடிதமும் வேண்டாம், தொழிற்சங்கக் காரியாலயத்தில் போய் நிற்கவும் வேண்டாம். விளம்பரங்கள் யூராக்ஸஸ் என்ற தளத்தில் வரும். "இடம் பிடித்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

திட்டத்துக்குப் பெயர் தந்த அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. மரி கியூரி வார்சோவில் பிறந்தது 1867இல். கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் அதே ஆண்டுதான். ரஷ்ய ஆட்சிக்குக் கீழ் இருந்த வார்சோவில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காததால், 1891இல் அவர் பாரிசுக்குப் போய்த்தான் படித்தார். ஊரில் கதவு மூடியிருந்ததால் வேறு நாட்டுக்குப் போன பெண்ணின் பெயரில் இந்தத் திட்டம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, விதிகளுக்கு வருவோம். முதலில் மனதில் பதிய வேண்டியது, இது புலமைப்பரிசில் அல்ல, வேலை. உங்களுக்கு நியமனக் கடிதம் தருவார்கள், சம்பளச் சீட்டு வரும், அந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு இருக்கும். வழக்கமாக 36 மாதம். கூடவே ஒரு பல்கலைக்கழகத்தில் கலாநிதி மாணவராகப் பதிவும் இருக்கும். அதற்கான கல்விக் கட்டணத்தை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது.

சம்பளக் கணக்கில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2021இல் தொடங்கிய சுற்றுகளில் வாழ்க்கைக் கொடுப்பனவு மாதம் 3,400 யூரோ என்றும், இடம்பெயர் கொடுப்பனவு 600 யூரோ என்றும் வைத்தார்கள். பின்வந்த சுற்றுகளில் கூட்டியிருக்கிறார்கள், அதனால் அந்தந்த விளம்பரத்திலேயே தொகையைப் பாருங்கள். 3,400 என்பது அப்படியே கைக்கு வரும் காசு அல்ல. நம் ஊரில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்கு 12 வீதத்தையும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தையும் சம்பளத்துக்கு மேலே போட்டுக் கட்டுவார். இந்தத் திட்டத்தில் முதலாளியின் பங்கும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும். அதைக் கழித்து, உங்கள் பங்கையும் வரியையும் கழித்து மிஞ்சுவதுதான் உங்களுடையது. அதோடு வாழ்க்கைக் கொடுப்பனவை நாட்டுக்கு நாடு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார்கள். அப்படிக் கழித்த பிறகும் ஒருவர் சிக்கனமாக வாழ்ந்து வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். குடும்பக் கொடுப்பனவு தனியாக உண்டு, ஆனால் கணவன், மனைவி, பிள்ளைகளைத்தான் அவர்கள் குடும்பமாகக் கணக்கெடுக்கிறார்கள். லயத்தில் இருக்கும் அம்மா அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அடுத்தது யார் விண்ணப்பிக்கலாம் என்பது. எந்த நாட்டுக் குடியுரிமை என்று பார்ப்பதில்லை, வயது எல்லையும் இல்லை. வேலைக்குச் சேரும் நாளில் உங்களிடம் ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் இருக்கக் கூடாது. இன்னொன்று இடம்பெயர்வு விதி, அதில்தான் தலை சுற்றும். வேலைக்குச் சேரும் நாளுக்கு முந்திய 36 மாதத்தில், உங்களை எடுக்கும் நாட்டிலேயே 12 மாதத்துக்கு மேல் வசித்தோ படித்தோ வேலை செய்தோ இருக்கக் கூடாது.

உதாரணமாக, வேலை 2026 ஒக்டோபர் 1இல் சுவீடனில் தொடங்குகிறது என்று வையுங்கள். பார்க்க வேண்டிய காலம் 2023 ஒக்டோபர் முதல் 2026 செப்டெம்பர் வரை. நீங்கள் 2023 ஓகஸ்டில் சுவீடன் போய் 2025 ஜூனில் முதுமாணி முடித்தவர் என்றால் சுவீடன் இடம் உங்களுக்கு இல்லை. ஆனால் அதே நெட்வொர்க்கில் டென்மார்க்கிலோ நெதர்லாந்திலோ இடம் இருந்தால் அதற்குப் போடலாம். உங்கள் தோழி 2022 ஓகஸ்டில் போய் 2024 ஓகஸ்ட் கடைசியில் ஊர் திரும்பினாள் என்றால், அந்தக் காலத்துக்குள் விழுவது 11 மாதந்தான், அவளுக்குச் சுவீடனும் திறந்தே இருக்கிறது. விடுமுறைக்குப் போய்வந்த நாட்களும் அகதித் தஞ்சம் கேட்டுக் காத்திருந்த காலமும் கணக்கில் சேராது. ஹட்டனை விட்டு அசையாத பிள்ளைக்கு இந்த விதி ஒரு தடையே இல்லை. மூன்று ஆண்டு ஊரிலேயே இருந்துவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் அதுவே பலம்.

படிப்புத் தகுதியை அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையோடு முடித்த முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், பாடங்களால் மட்டும் முடிப்பது 9. இரண்டில் எதைச் சேர்வது என்று யோசிப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இனி அந்தத் தங்கை பயந்த இடம். "எனக்கு கொம்பனி கிம்பனி ஒன்றும் தெரியாதே, நிறுவன அறிவைப் பற்றி நான் என்ன எழுதுவது?" என்றாள். அவளுடைய அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர்.

ஸ்டோரில் டீமேக்கர் விடியற்காலை வாட்டிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கிக் கையைத் திறந்து பார்ப்பார். உருண்டை எப்படி விரிகிறது என்பதை வைத்து வாட்டம் சரியா என்று சொல்லிவிடுவார். புளித்தது போதுமா என்பதை மூக்கு சொல்லும். அதை எழுதித் தா என்றால் அவரால் முடியாது. மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு எந்த மலையில் பாஞ்சி (வளராமல் நின்றுபோன கொழுந்து) அதிகம், மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் இலை முற்றும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் மண், நோய், வீபீ கன்று (விதையிலிருந்து அல்லாமல் தண்டை வெட்டி நட்டு வளர்ப்பது) பற்றிய அறிவு இருக்கிறது. 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில் தரகர் ஒரு கரண்டி உறிஞ்சிப் பார்த்து, நிறம் மங்கல், வாசம் போதாது என்று குறிப்பு எழுதி ஸ்டோருக்கு அனுப்புகிறார். அந்தக் குறிப்பு எப்போதாவது, வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடும் காலைப் பெரட்டுக்கு வந்திருக்கிறதா? கொழுந்து எடுத்தவருக்கு அவருடைய கூடையின் எடை மட்டுந்தானே சொல்லப்படுகிறது. அந்த இலை கொழும்பில் என்ன பெயர் வாங்கியது என்று யாரும் சொல்வதில்லை.

இதுவேதான் அந்த விளம்பரத்தின் பொருள். அறிவு தனித்தனி ஆட்களிடம் இருக்கிறது, அதை ஒன்றுசேர்ப்பதே நிறுவனத்தின் தலையாய வேலை என்று 1996இல் ராபர்ட் கிராண்ட் என்ற முகாமைத்துவ அறிஞர் எழுதினார். எல்லாரும் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. விதிகள், வேலையின் வரிசை, பழகிப்போன நடைமுறை, சேர்ந்திருந்து பேசித் தீர்ப்பது என்று ஒன்றுசேர்க்கும் வழிகளை அவர் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1990இல், கோஹனும் லெவிந்தாலும் இன்னொன்று சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் புது அறிவைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் அறிவு இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே ஆலோசனை ஓரிடத்தில் வேர் பிடித்து இன்னோரிடத்தில் பட்டுப்போவது ஏன் என்று இதை வைத்துக் கேட்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். மண்ணில் நின்றவர்களின் அறிவு முடிவெடுக்கும் மேசைக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். விண்ணப்பக் கடிதத்தில் எழுத இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கும், சமூகவியல், பொருளியல், விவசாய விரிவாக்கம் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. முகாமைத்துவப் பட்டதாரிகளின் தனிச் சொத்து அல்ல.

கடிதத்தோடு காகிதங்களும் ஓடவேண்டும். நம் ஆட்களுக்கு இடறும் கல் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போனதன் விளைவு அது. என் பெயரும் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது, திருத்தி முடிக்க மாதக்கணக்கானது. கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேலை கிடைத்த பிறகு விசாவுக்கு ஓடும்போது இதைத் திருத்த நேரம் இருக்காது.

விளம்பரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண் இருக்கும், டிசி 1, டிசி 2 என்று (டிசி என்றால் டொக்டரல் கெண்டிடேட், கலாநிதி ஆய்வாளர்). அந்த எண்ணுக்குக் கீழே எந்தப் பல்கலைக்கழகம், யார் மேற்பார்வையாளர், இடையில் எந்த நிறுவனத்துக்கு அனுப்புவார்கள் என்று எழுதியிருக்கும். அப்படி வெளியே அனுப்புவது மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம், அதாவது 36 மாதத்தில் ஓர் ஆண்டு. இண்டஸ்ட்ரியல் டொக்டரேட் என்று போட்டிருந்தால் பாதிக் காலமாவது கல்வித் துறைக்கு வெளியே, கொம்பனி போன்ற இடத்தில் இருக்க வேண்டும். பத்து இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். இரண்டைத் தெரிந்து, அந்த மேற்பார்வையாளர் எழுதியதைப் படித்து, அந்த இரண்டுக்கும் வேறு வேறாக எழுதுங்கள்.

நேர்காணல் வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். திட்டத்தின் பணம் 36 மாதத்துக்கு என்றால், சுவீடன் போன்ற நாட்டில் கலாநிதிப் படிப்பு முழுநேரமாக நான்கு ஆண்டு. நான்காவது ஆண்டுச் சம்பளத்தை யார் தருவார்கள்? பல இடங்களில் பல்கலைக்கழகமே பொறுப்பெடுக்கும், சில இடங்களில் பதில் மழுப்பலாக வரும். தங்கை அந்தக் கேள்வியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகுதான் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.